எந்தக் கல்?

என் உத்தியோகத்தின் பெயர் டிராஃபிக். தில்லியில் இதைச் சொன்னால் இரண்டு வகையான முகங்களைப் பார்க்கலாம். ஒன்று, ஐ.டி.ஓ. சந்திப்பில் வெள்ளைச் சட்டை போட்டு விசில் ஊதுகிறவள் என்று நினைத்து லேசாகப் பயப்படும் முகம். இன்னொன்று, "ஓ, காலையில எஃப்.எம்.ல ஆசிரம் சௌக்ல ஜாம்னு சொல்றது நீங்கதானா?" என்று மலரும் முகம். கோல் மார்க்கெட் பக்கம் எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் நான் இந்த இரண்டாவது ஆள்தான். ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் "ஆமா, இன்னிக்கு தௌலா குவான் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுகிறேன்.

உண்மையில் நான் செய்வது வேறு. எங்கள் கம்பெனிக்குப் பல ஊர்களில் வானொலி நிலையங்கள் இருக்கின்றன. தலைமை அலுவலகம் பாராகம்பா ரோட்டில். நாளைக்கு எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எந்த விளம்பரம் வரவேண்டும் என்று பட்டியல் போட்டு முந்தின சாயங்காலமே அந்தந்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு நகைக்கடைகளை ஒட்டிப் போடக்கூடாது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு அடுத்து ஆயுள் காப்பீட்டைப் போடக்கூடாது. திருநெல்வேலிக் கடைக்காரரின் புது விளம்பரத்தை ராகு காலத்தில் தொடங்கவே கூடாது. இந்தப் பட்டியலுக்கு எங்கள் தொழிலில் லாக் என்று பெயர்.

இது பாதி வேலை. மறுபாதி, நேற்றைய லாக். போட்டபடியே எல்லாம் ஒலிபரப்பாகிவிடும் என்று நம்புகிறவர்கள் வானொலி நிலையத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். கரண்ட் போகும். அறிவிப்பாளர் யாரோ நடிகையோடு பேசிக்கொண்டே இருந்து மூன்று விளம்பரங்களை முழுங்கிவிடுவார். தீபாவளி விளம்பரத்தைப் பொங்கலுக்குப் போட்ட மகானுபாவர்களும் உண்டு. எனவே, நேற்று உண்மையில் என்ன ஓடியது என்று பதிவைக் கேட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, ஓடாததை அடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பில் போகலாம். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் எனக்கு எதிர் மேஜைக்காரர். நான் அவரை பாயி சாப் என்பேன். அவர் என்னை மேடம் ஜி என்பார்.

பாயி சாப்புக்கு வயது ஐம்பத்தாறு. வீடு உத்தம் நகர். காதில் இரண்டு பெரிய கருப்பு வட்டங்களை மாட்டிக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் எல்லா ஊர்ப் பதிவுகளிலும் விளம்பரப் பகுதிகளைக் கேட்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தத் திருநெல்வேலி நகைக்கடை விளம்பரத்தில் ஒரு வார்த்தை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே பாடுவார், ழகரம் இல்லாத வாக்கியம் என்பதால் தப்பே இருக்காது. சேதாரம் என்பது கடைக்காரரின் மகள் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னபோது கொஞ்சம் வருத்தப்பட்டார்.

தினமும் ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அச்சா மேடம் ஜி, கல் மில்தே ஹைன்" என்பார். நாளைக்குப் பார்ப்போம் என்று அர்த்தம். நான் உடனே, "எந்தக் கல், பாயி சாப்?" என்று கேட்பேன். "ஆனே வாலா, ஆனே வாலா" என்று கையை முன்பக்கம் ஆட்டிவிட்டுப் போவார். வரப்போகிற கல். வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில். எங்கள் இருவருக்கும் அலுக்கவில்லை.

இந்திக்காரர்களுக்கு நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். மிச்ச வாக்கியத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் வாக்கியத்தை முடிப்பதே கிடையாது, எதைப் பார்த்துப் புரிந்துகொள்வது? இங்கேயே பிறந்த என் மகள், "அம்மா, நாளைக்குப் பெய்ஞ்ச மழையில ஷூ நனைஞ்சு போச்சு" என்று தமிழ் பேசுகிறவள். தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்பு இது. திருத்தித் திருத்தி எனக்கே அது ஒரு வியாதி ஆகிவிட்டது. யார் கல் என்றாலும் என் வாய் தன்னால் "எந்தக் கல்?" என்று கேட்டுவிடும். நம் ஊரில் கல் என்றால் கல்தான். எடுத்து எறியலாம்.

சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு புதுத் துணைத் தலைவர் வந்தார். அதற்கு முன் செல்போன் உறை விற்கும் கம்பெனியில் இருந்தவர். வந்த முதல் வாரமே என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் பட்டியல் போடும் பழைய மென்பொருளைப் பார்த்து, செத்த எலியைப் பார்த்ததுபோல் மூக்கைச் சுளித்தார். அசிங்கமான மென்பொருள்தான், ஒப்புக்கொள்கிறேன். நீலத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு நகைக்கடைகளை ஒட்டிப் போட்டால் பீப் என்று கத்தும். தப்பு நடக்கும்போது கத்தக்கூடியது எங்கள் ஆபீஸில் அது ஒன்றுதான்.

"இதை மாத்தணும். ஜல்தி" என்றார். மாற்றுவதற்கு ஒரு குழு அமைத்தார். குழுவுக்குத் தலைவர் அவரே. வழிகாட்ட குர்கானிலிருந்து ஒரு ஆலோசகர். கணுக்கால் தெரியும் பேன்ட், சாக்ஸ் இல்லாத ஷூ, வாயைத் திறந்தால் 'பயணம்'. மென்பொருள் வாங்குவது ஒரு பயணம், பில் போடுவது ஒரு பயணம். அவர் முதல் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஆனா இன்னும் யாராவது ரேடியோ கேக்கிறாங்களா?" என்பது. வானொலியில் சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும் அதற்குச் சிரித்தார்கள். என்னைக் குழுவில் சேர்த்தது உபயோகிப்பவர்களின் பிரதிநிதியாக. அதாவது, கடைசியில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஆலோசகர் எங்கள் வேலையைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஒதுக்கினார். எத்தனையோ வருஷ வேலைக்கு அரை மணி. அதிலும் பத்து நிமிஷம் அவருடைய மடிக்கணினிக்குச் சார்ஜர் தேடியதில் போயிற்று. துணைத் தலைவர் பச்சைத் தேநீரோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் எங்களைப் பார்த்து இந்தியில், "சரி, நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?" என்றார். போலீஸ்காரர் பார்க்கில் ஜோடிகளைக் கேட்கிற தொனி.

பாயி சாப் சொன்னார்: "மைன் கல் கா லாக் தேக்தா ஹூன்." நான் கல்லின் லாக்கைப் பார்க்கிறேன்.

நான் சொன்னேன்: "மைன் கல் கா லாக் பனாதீ ஹூன்." நான் கல்லின் லாக்கை உருவாக்குகிறேன்.

அவர் சொன்னது நேற்றை. நான் சொன்னது நாளையை. ஆலோசகர் ஒரே ஒரு வரி தட்டினார். 'கல் கா லாக்.' தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் நிற்குமா? "சார், ஒரு நிமிஷம். எந்தக் கல்? இதுல ரெண்டு கல் இருக்கு" என்றேன். ஆலோசகர் என்னைப் பார்க்கவேயில்லை, துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், தில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்க. இன்னுமா உங்களுக்குக் கல் வரல?" என்றார். பிறகு, தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப் போய், "மெட்ராஸ்ல மொத்தம் எத்தனை கல் வச்சிருக்கீங்க?" என்றார்.

அறையே சிரித்தது. என் ஊருக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் ஒரு ராத்திரி ரயில் ஓடுகிறது என்பது இவர்களுக்கு எந்தக் காலத்தில் தெரியப் போகிறது? என் மூக்கு அறுபட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாயி சாப்பும் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். முதலாளி சிரித்தால் உடன் சிரிக்கும் பழக்கம், வேறொன்றும் இல்லை. ஆனால் நான் அதைப் பார்த்துவிட்டேன். இனி இந்த அறையில் எந்தக் கல்லைப் பற்றியும் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கம்பெனிகள் வந்து தங்கள் மென்பொருளைக் காட்டின. முதலில் வந்தவர் மும்பைக்காரர், வயதானவர், தானே ஒரு காலத்தில் வானொலி நிலையத்தில் இருந்தவர். நேற்றைய ஒலிபரப்பை ஒப்பிடும் வசதி தன்னிடம் இருக்கிறது, ஆனால் உங்கள் நிலையங்களின் பதிவுகளையெல்லாம் ஒழுங்குபடுத்த மாதக்கணக்கில் ஆகும் என்று உள்ளதைச் சொன்னார். துணைத் தலைவர், "ஆள் ரொம்ப நெகட்டிவ்" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு. தேதியில் மாதம் முன்னால் வரும். அதை வீடியோ அழைப்பில் காட்டிய வெள்ளைக்காரர் நடுவில் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். பத்து நிமிஷம் அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது நோய்டா கம்பெனி. அவர்கள் விவரமானவர்கள். திரை திறந்ததும் முதல் பக்கத்திலேயே துணைத் தலைவரின் படம். அவருடைய செல்போனில் வட்டமாகவும் கட்டமாகவும் கலர் கலராக என்னவோ சுழலும்படி செய்து கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் குழந்தை கிலுகிலுப்பையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மதிப்பெண் போடுவது சும்மா சாங்கியம்.

ஆனாலும் போட்டார்கள். ஆலோசகர் தன் பட்டியலை வரிவரியாகப் படிப்பார், நோய்டாக்காரர் 'உண்டு' என்று சொல்லிக் காட்டுவார், இவர் டிக் போடுவார். எல்லா வரிக்கும் ஒரே மதிப்பெண். எங்கள் சோற்றுப் பாட்டுக்கு என்ன மதிப்பெண்ணோ, கம்பெனிச் சின்னத்தின் நிறத்தை மாற்றலாமா என்பதற்கும் அதே மதிப்பெண். பதினான்காவது வரியில் எங்கள் இருவருடைய வேலையும் வந்தது. "கல் கா லாக்?" என்றார் ஆலோசகர். "பில்குல், சார். ஒரே கிளிக்" என்றார் நோய்டாக்காரர். ஒரு பொத்தானை அழுத்தினார். நாளைய பட்டியல் வந்து விழுந்தது. டிக்.

நான் காத்திருந்தேன். நேற்றைய பட்டியலை எப்போது காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பதினைந்தாவது வரிக்குப் போய்விட்டார்கள்.

அப்போது எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இந்த மென்பொருளுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. நாளைக்கு என்ன போடலாம் என்று தெரியும், நேற்று என்ன ஓடியது என்று தெரியாது. போட்டதெல்லாம் ஓடியது என்று பில் அனுப்பும். அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டே வார்த்தை போதும், எந்தக் கல் என்று. என் நாக்கில் அது வந்து நின்றது. துணைத் தலைவர் தன் செல்போனில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். படட்டும் என்று நினைத்தேன். எத்தனை கல் வச்சிருக்கீங்க என்று கேட்டாயே, ஒன்று தலையில் விழட்டும், அப்போது எண்ணிக்கொள். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. கையெழுத்துக்குத் தாள் வந்தது. போட்டேன்.

தாள் போன பிறகு ஆலோசகர் கடைசிப் படம் ஒன்றைத் திரையில் காட்டினார். தலைப்பு, ஆள் மிச்சம். கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை மனிதன், அவன் மேல் ஒரு சிவப்புக் கோடு. "இவர் என்ன வேலை பாக்கிறார்?" என்றார் துணைத் தலைவர், தலையைத் தூக்காமல். "கல் கா லாக் பாக்கிறார், சார். அதை இனிமே சாஃப்ட்வேரே பாத்துக்கும். பதினாலாவது வரி."

நாளைக்காகப் போட்ட டிக்கை எடுத்து நேற்றுக்கும் மாட்டினார். அவர் வஞ்சகம் எதுவும் செய்யவில்லை. அவர் காகிதத்தில் இருந்தது ஒரே கல்தானே.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சமோசா வந்து, எல்லாரும் சாப்பிட்டு, கை துடைத்து, விளக்கைப் போட்டு எழுந்திருக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. கையெழுத்துப் போட்ட மை காயவில்லை, அதற்குள் தப்பென்று சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். மறுபடியும் சிரிப்பார்களே என்று யோசித்தேன். யாராவது என்னைக் கேட்கட்டும் என்றும் காத்திருந்தேன். என்னை யார் கேட்கப் போகிறார்கள்? மறுநாள் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், தெளிவாக, நாலே வரி. அனுப்பாமல் வைத்தேன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

பாயி சாப்புக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். அவர் மகன் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அவன் படித்து முடிக்கிற வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று அடிக்கடி சொல்வார். ஐம்பத்தாறு வயதில், நேற்று என்ன ஓடியது என்று கேட்கத் தெரிந்த மனிதருக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? அந்த ஒரு மாதமும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்து வேலை செய்தேன். ரொம்பச் சுறுசுறுப்பானவள் என்று பெயர் கிடைத்தது.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். துணைத் தலைவர் அவர் பெயரைத் தப்பாகச் சொல்லி வாழ்த்தினார். ஆறு மணிக்கு பாயி சாப் பையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல, "அச்சா மேடம் ஜி, கல் மில்தே ஹைன்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். என் கேள்விக்காக நின்றார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

புது மென்பொருள் வந்தது. ஊதா நிறம். எதற்கும் கத்தாது. ஒவ்வொரு சாயங்காலமும், பிரமாதமான நாள் என்று எங்களைப் பாராட்டி ஒரு செய்தி அனுப்பும். சில வாரங்கள் போயின. ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம், ஒரு நாள் காலையில் என் தொலைபேசி அடித்தது. திருநெல்வேலி நகைக்கடை அண்ணாச்சி. நானும் அந்தப் பக்கத்துக்காரி என்பதால் அங்குள்ள நிலையத்து ஆட்களை விட்டுவிட்டு எனக்கே நேராகப் போடுவார்.

"யம்மா, நேத்து சாயங்காலம் பூரா உங்க ரேடியோ ஊமையால்லா கெடந்துச்சு. மழையில டவர்ல என்னமோ தீஞ்சு போச்சுன்னு உங்க ஆளே சொல்லுதான். நீங்க என்னடான்னா எங்க விளம்பரம் எட்டு மட்டம் போட்டோம்னு சர்டிபிகேட் அனுப்பிருக்கிய. எந்த ரேடியோவுல போட்டிய?"

"பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

"நீ என்னத்தப் பாக்கப் போற? நான் கடையில உக்காந்து காதால கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ தில்லியில இருந்துக்கிட்டுக் கண்ணால பாக்கப் போறியாக்கும்? அங்க ஒருத்தர் தெனம் கேப்பாருன்னு சொன்னியே, அவர்ட்ட கேளு."

திறந்து பார்த்தேன். எட்டு முறை ஓடியது என்று பச்சை நிறத்தில் இருந்தது. கூடவே, பிரமாதமான நாள் என்றும் இருந்தது. அதற்கப்புறம் தினம் ஒரு ஊர். ஓடாத விளம்பரம் ஓடியதாக, தப்பாக ஓடியது சரியாக ஓடியதாக. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திட்ட ஆரம்பித்தார்கள்.

கூட்டம் போட்டார்கள். ஆலோசகரும் வந்திருந்தார், இந்தத் தடவை சாக்ஸோடு. பயணத்தில் இதெல்லாம் சகஜம் என்றார். தேவையை உபயோகிப்பவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்றார். நான் எழுந்து, கல் இரண்டு என்று சொன்னேன். ஒன்று நேற்று, ஒன்று நாளை, நீங்கள் வாங்கியது நாளையை மட்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

"இதை அப்பவே ஏன் சொல்லல?" என்றார் துணைத் தலைவர்.

"சொன்னேன், சார். நீங்க சிரிச்சீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. யாருக்குமே ஞாபகம் இல்லை. சிரித்தவர்களுக்கு அது எப்போதும் ஞாபகம் இருப்பதில்லை. ஆனால் கையெழுத்துத் தாள் அவர் முன்னால் இருந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் இருந்தது என் கையெழுத்துதான்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பழைய ஆளைத் திரும்பக் கூப்பிடலாம். நிரந்தரம் இல்லை, ஒப்பந்தத்தில், வேண்டும்வரை. "நீங்க ரெண்டு பேரும் தோஸ்துதானே, நீங்களே பேசுங்க, மேடம்."

சனிக்கிழமை மெட்ரோ ஏறி உத்தம் நகர் போனேன். ஒரு ஈ-ரிக்ஷா, இரண்டு குறுக்குச் சந்து, மூன்றாவது மாடி. பாயி சாப் பனியனோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி சமையலறையில் தேநீர் போட, நாங்கள் கட்டிலில் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக உட்கார்ந்தோம். மச்சான் கடையில் உட்காருகிறாராம், ஸ்டேஷனரி கடை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சத்தமே இல்ல, மேடம் ஜி" என்றார்.

அண்ணாச்சி கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று மெல்லப் பாடினார். "நான் இருந்தா ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிருப்பேன்" என்றார். பிறகு, இது எப்படி ஆச்சு என்று கேட்டார். பதினான்காவது வரியைச் சொன்னேன், நோய்டாக்காரர் பொத்தானைச் சொன்னேன், ஒரே டிக்கை இரண்டு நாளுக்கும் மாட்டிய கூத்தைச் சொன்னேன். துணைத் தலைவர் மாதிரி நடித்துக் காட்டினேன். ஆலோசகரின் கணுக்காலைச் சொன்னேன். அவர்கள் எவ்வளவு பெரிய முட்டாள்கள் என்று சொல்வதில் எனக்கு ஒரு குதூகலமே வந்துவிட்டது. அவர் மனைவி தேநீரோடு வந்து நின்று சிரித்தார்.

பாயி சாப் சிரிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "மேடம் ஜி, ஒண்ணு கேக்கலாமா? என்கிட்ட தெனமும் கேப்பீங்களே, எந்தக் கல்னு. டிக் போடும்போது நீங்க அங்கதானே இருந்தீங்க. கேக்கலையா?"

அவர் குற்றம் சாட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நேற்று என்ன நடந்தது என்று சரிபார்ப்பதுதானே அவர் வேலை. கேட்டேன், முதல் நாள் கேட்டேன், நீங்களும்தானே சிரித்தீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்குத் தெரிந்தது. சிரித்தது ஒரு நாள். டிக் வேறு நாள். அவர் கேட்டது டிக்கை.

"கேக்கல, பாயி சாப்" என்றேன்.

தலையை ஆட்டினார். தேநீரைக் குடித்து முடித்தார். ஒப்பந்தத் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார், எத்தனை மாதம் என்று எழுதவேண்டிய இடம் காலியாக இருந்ததை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வேறு வழி இருந்தால் போட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஈ-ரிக்ஷா வரைக்கும் கூடவே வந்தார். எனக்கு முன்னால் போய்ச் சாக்கடைப் பலகையைக் காலால் சரிசெய்தார். ரிக்ஷாக்காரரிடம் மெட்ரோவுக்கு என்று சொன்னார். மறுநாள் ஞாயிறுதான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் பழக்க தோஷத்தில் அவர் "கல் மில்தே ஹைன்" என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் கேட்டுவிட வேண்டும் என்று கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன்.

"சோம்வார் கோ ஆவூங்கா, மேடம் ஜி" என்றார். திங்கட்கிழமை வருகிறேன்.

வந்தார். அதே மேஜை, அதே கருப்பு வட்டங்கள், அதே டிபன் டப்பா. ஊதா மென்பொருள் பிரமாதமான நாள் என்று சொல்லச் சொல்ல, அவர் எதிரே உட்கார்ந்து ஓடாததை அடித்துக்கொண்டே இருக்கிறார். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார், சாப்பாட்டில் பங்கு கொடுக்கிறார், மகன் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, "மங்கள்வார் கோ மில்தே ஹைன், மேடம் ஜி" என்கிறார், செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்று. அடுத்த நாள் "புத்வார் கோ" என்கிறார். ஒவ்வொரு நாளும் கிழமையைச் சொல்லிவிட்டே போகிறார், நான் எதுவும் கேட்க வேண்டியிருப்பதில்லை.